யாரைப் பார்த்துச் சிரிப்பது?

கல்வராயன் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழைய ரோமாபுரியிலே லத்தீன் பாஷையில் எழுந்த அங்கதக் கவிதையைப் பற்றித் தம்முடைய பாடப் புத்தகம் பக்கம் பக்கமாகப் பேசுகிறதே, தமிழில் அப்படி ஒன்று இருந்ததே இல்லையா என்பது முதற் கேள்வி. ரோமாபுரிச் சாம்ராஜ்யமும் போயிற்று, லத்தீன் பேசிய ஜனங்களும் போய்விட்டார்கள். கோமுகி அணைத் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்த தமக்கு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எவரோ எவரையோ ஏசி வைத்த பாட்டுக்களால் என்ன பிரயோஜனம் என்பது இரண்டாவது கேள்வி.

முதற் கேள்விக்கு "உண்டு" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். இரண்டாவதற்குச் சற்று விரிவாகத்தான் எழுத வேண்டும். ரோமாபுரிக் கவிகள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று வரிசையாகக் கவனித்து வந்தால், ஒரு தேசத்தின் சுதந்திரத்தை அளப்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது என்பது நம் அபிப்பிராயம். அந்தக் கோலைக் கொண்டு நம் ஊரையும் அளந்து பார்க்கலாம். பார்த்தால் பெருமைப்படவும் இடம் உண்டு. வெட்கப்படவும் இடம் உண்டு.

* * *

லத்தீன் இலக்கியம் பெரும்பாலும் கிரேக்கர்களிடம் கடன் வாங்கி வளர்ந்தது. இதை ரோமர்கள் ஒளிக்கவில்லை. காவியத்துக்கு ஹோமர், நாடகத்துக்கு ஆதென்ஸ் நகரத்து ஆசிரியர்கள் என்று ஒவ்வொரு துறைக்கும் அவர்களுக்கு ஒரு கிரேக்க குருநாதர் இருந்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் நாவன்மைக் கலையைக் கற்பித்த குவின்டிலியன் என்ற பேராசிரியர், 12 பாகங்கள் கொண்ட தம் பெருநூலின் பத்தாம் பாகத்தில், இரு பாஷைகளின் இலக்கியங்களையும் துறை துறையாகத் தராசில் இட்டு நிறுக்கிறார். பல துறைகளில் கிரேக்கரின் தட்டே தாழ்கிறது. சிலவற்றில் ரோமர் சமமாக நிற்கிறார்கள். அங்கதம் என்ற துறைக்கு வந்தவுடன் மனிதர் நிமிர்ந்து உட்காருகிறார். இதில் பங்காளி யாரும் கிடையாது, முழுப் பாத்தியதையும் ரோமருக்கே என்று சாதிக்கிறார். கிரேக்க நாடகங்களிலும் பெரிய மனிதர்களைக் கேலி செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஒரு கவி தன் சொந்தக் குரலில், காவியத்துக்கு உரிய கம்பீரமான சந்தத்தை எடுத்துக்கொண்டு, அதிலே சந்தைக்கடைச் சமாசாரத்தையும் விருந்துச் சாப்பாட்டையும் லஞ்சத்தையும் வம்பையும் பேசுகிற தனி வகையைத்தான் அவர் தம்மவர் சொத்து என்கிறார்.

அந்த வகைக்கு லத்தீனில் "ஸதுரா" என்று பெயர். முதல் விளைச்சலான பலவகைப் பண்டங்களைக் குவித்துத் தெய்வத்துக்குப் படைக்கும் நிறைதட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது என்றும், பல சரக்கும் கலந்திருப்பதால் கவிதைக்கும் அதுவே பெயராயிற்று என்றும் பழைய இலக்கணக்காரர்கள் பொருள் கூறினார்கள். தமிழ் படித்தவருக்கு இதைக் கேட்டவுடன் கலம்பகம் நினைவுக்கு வரும். பல உறுப்பும் பல பாவும் கலந்து தொடுத்த கதம்ப மாலை அல்லவா அது? ஒருவர் குருடர், ஒருவர் முடவர் என்று சொல்லப்படும் இரட்டைப் புலவர்கள், நம் நேயரின் ஊருக்குக் கிழக்கே விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் மீது ஒரு கலம்பகம் பாடியிருக்கிறார்கள். கேலிப் பாட்டுக்கும் பேர்போனவர்கள் அவர்கள். கலம்பகம் அங்கத நூல் அன்று. ஆனால் பெயர் வைத்த மனப்போக்கு இரண்டு தேசத்திலும் ஒன்றாக இருப்பது வேடிக்கைதான்.

* * *

ரோமாபுரி அங்கதத்தின் தந்தை என்று போற்றப்படுகிறவர் லூஸிலியஸ். கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்காரர். அவர் எழுதிய 30 பாகங்களில் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 1,300 அடிகள். அவையும் சிதறிய துண்டுகள். ஆனாலும் பின்வந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். காரணம், அவர் உயிரோடிருந்த பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லி அடித்தார். பிறர் மீது வசைப்பாட்டுப் பாடுகிறவனுக்கு மரண தண்டனை என்று ரோமாபுரியின் ஆதிச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டத்திலேயே விதித்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லூஸிலியஸ் தப்பியதற்குக் காரணம் இருந்தது. குடியரசு இன்னும் உயிரோடிருந்தது, அவர் பணக்காரர், கார்த்தேஜ் நகரை வென்ற ஸிப்பியோ அவருடைய சிநேகிதர். மடியில் பணமும் பக்கத்தில் சேனாபதியும் இருக்கிறவன் எவரையும் கேலி செய்யலாம்.

அடுத்தவர் ஹோரேஸ் (கி.மு. 65 - கி.மு. 8). அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகன். மகனுக்கு உயர்ந்த படிப்பு வேண்டும் என்று தகப்பனாரே தலைநகருக்கு அழைத்து வந்து, பள்ளிக்கூடத்துக்கும் கூடவே நடந்தாராம். அதைப் பெரிய மனிதர் சபையிலே மறைக்காமல் எழுதிய உத்தமர் ஹோரேஸ். குடியரசுக் கட்சியில் சேர்ந்து கி.மு. 42-இல் பிலிப்பி யுத்தத்தில் நின்று தோற்றவர், பிறகு வென்ற கட்சித் தலைவரான அகஸ்டஸின் மந்திராலோசகர் மைஸீனஸ் என்பவரின் ஆதரவிலே வாழ வேண்டியதாயிற்று. அவருடைய அங்கதம் புன்னகையாக மாறியதில் வியப்பில்லை. லோபியைச் சிரிக்கிறார், சாப்பாட்டு ராமனைச் சிரிக்கிறார், தெருவிலே ஒட்டிக்கொண்டு விடாத வம்பனைச் சிரிக்கிறார், எல்லாரையும் விடத் தம்மையே அதிகமாகச் சிரிக்கிறார். நாட்டெலிக்கும் நகரத்தெலிக்கும் நடந்த விருந்துக் கதையை நம் குழந்தைகள் கூட அறிவார்கள். அதை ஹோரேஸ் சொல்லியிருக்கும் அழகே அழகு. அதிகாரத்தில் இருந்தவர்களை மட்டும் அவர் தொடவில்லை.

மூன்றாமவர் பெர்ஸியஸ். நீரோ சக்கரவர்த்தியின் காலத்தவர். முப்பது வயது நிரம்புமுன் இறந்துபோனார். எழுதியவை ஆறே பாட்டுக்கள். கழுதைக்காது முளைத்த மைடாஸ் ராஜாவின் கதை நமக்குத் தெரியும். ரகசியத்தை அடக்க மாட்டாத நாவிதன் தரையில் குழி தோண்டி அதற்குள் சொன்ன கதைதான். பெர்ஸியஸ் தம் முதற் பாட்டில் கழுதைக்காது மைடாஸ் ராஜாவுக்கு என்று எழுதியிருந்ததாகவும், நீரோ தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துவிடுவானே என்று அஞ்சிய ஆசிரியர் கார்னூட்டஸ், அந்தக் காது யாருக்குத்தான் இல்லை என்று கேட்பதாக அடியைத் திருத்திவிட்டதாகவும் பழைய சரித்திரக் குறிப்பு ஒன்று கூறுகிறது. ராஜாவின் தலையிலிருந்த காதை எடுத்து ஊரார் அனைவர் தலையிலும் பங்கு போட்டு ஒட்டிவிட்டார் ஆசிரியர்! அச்சம் இலக்கியத்தைத் திருத்துவது இப்படித்தான்.

நான்காமவர் ஜுவெனால். கி.பி. முதல் நூற்றாண்டின் முடிவிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். அவருடைய 16 பாட்டுக்களில் கோபம் கொதிக்கிறது. உரிமையைக் கைவிட்ட ஜனங்கள் இலவச ரொட்டிக்கும் தேரோட்டப் பந்தயத்துக்கும் மட்டும் வாய் பிளந்து நிற்பதைக் கண்டித்தவர் அவர்தான். அந்தக் கண்டனம் இன்றும் தேர்தல் காலத்தில் பல பாஷைகளில் கேட்கிறது. அவர் எழுதிய மீன் கதையைச் சுருக்கமாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

டோமிஷியன் சக்கரவர்த்திக்கு ஒரு வலைஞன் மகா பெரிய மீன் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டு வருகிறான். அரண்மனையிலே அதற்குத் தக்க பாத்திரம் இல்லை. உடனே ராஜ்ய சபை கூட்டப்படுகிறது. எல்லையில் சத்துரு வந்துவிட்டானோ என்று முதுபெரும் மந்திரிகள் வியர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறார்கள். மீனை வெட்டுவதா, முழுதாகச் சமைப்பதா என்பதுதான் ஆலோசனை. பலரைக் கோள் சொல்லிக் கொல்வித்த பார்வையற்ற பிரபு ஒருவர் எல்லாரையும் விட அதிகமாக மீனைப் புகழ்கிறார். ஆனால் மீன் கிடப்பது ஒரு பக்கம், அவர் கை நீட்டுவது மறு பக்கம். முடிவில், புதிதாகப் பெரிய சட்டி செய்ய வேண்டும், இனிமேல் சக்கரவர்த்தி போகும் இடமெல்லாம் குயவர்களும் கூடப் போக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிச் சபை கலைகிறது.

படிக்கிறபோது வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டோமிஷியன் கி.பி. 96-இல் கொலையுண்டான், இந்தப் பாட்டு அதற்குப் பிற்பாடு எழுதப்பட்டது. ஜுவெனாலே தம் முதற் பாட்டின் இறுதியில், பெருஞ்சாலைகளின் ஓரத்தில் புதைக்கப்பட்டுக் கிடப்பவர்களைப் பற்றித்தான் தாம் பேசப்போவதாக அறிவித்துவிடுகிறார். லூஸிலியஸ் உயிரோடிருந்த அதிகாரிகளை அடித்தார். ஹோரேஸ் அதிகாரமில்லாதவர்களைப் பார்த்துப் புன்னகை புரிந்தார். பெர்ஸியஸின் அடியை ஆசிரியர் திருத்தினார். ஜுவெனால் செத்தவர்களை அடித்தார். சுமார் 250 வருஷத்து ராஜீய சரித்திரம் முழுவதும் இந்த நான்கு கவிகளின் சிரிப்பிலே அடங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே இருப்பவனைத் தொட முடியாத கோபம் சும்மா இருப்பதில்லை. கீழே இருப்பவன் மேல் பாய்கிறது. ஜுவெனாலின் பாட்டுக்களில் பிழைக்க வந்த அந்நிய தேசத்தவரும் பெண்களும் படும் பாடு கொஞ்சமன்று. பெண்களை ஏசுவதற்கென்றே மற்றவற்றையெல்லாம் விட நீண்ட பாட்டு ஒன்றை எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரே தம் மூன்றாம் பாட்டில் ஓர் அரிய உண்மையையும் கண்டு சொல்கிறார்: தரித்திரத்தின் கொடுமைகளுக்குள் எல்லாம் பெரிய கொடுமை, அது மனிதனைப் பிறர் சிரிப்புக்கு இடமாக்கிவிடுவதுதான் என்கிறார். கிழிந்த அங்கியையும் ஒட்டுப் போட்ட பாதரட்சையையும் பார்த்து ஊர் சிரிக்கிறதே என்று அவர் நெஞ்சு வேகிறது. இந்தக் கருத்தை நேயர்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

* * *

லத்தீன் பாஷை நம் பக்கத்துக்கு அடியோடு அந்நியம் என்றும் சொல்வதற்கில்லை. உளுந்தூர்ப்பேட்டைக்குத் தெற்கே, விருத்தாசலத்தைச் சார்ந்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எடுத்த வீரமாமுனிவர் (1680 - 1747) இத்தாலி தேசத்தவர், லத்தீனில் ஊறியவர். அவர் தமிழில் எழுதிய பரமார்த்த குரு கதையை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? மட்டியும் மடையனும் மூடனும் சூழ வந்த அந்தக் குருவின் கதையை அவரே லத்தீனிலும் பெயர்த்து எழுதினார். 1822-இல் லண்டன் நகரில் அது ஆங்கிலப் பெயர்ப்புடன் அச்சாயிற்று. வசனத்தில் அமைந்ததாயினும், லத்தீன் அறிவும் தமிழ்ப் பேச்சும் கைகோத்துச் சிரித்த சிரிப்பு அது.

ஆனால் அதற்கும் வெகு காலம் முன்பே தமிழர் இந்தத் துறைக்கு இலக்கணம் வகுத்துவிட்டார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். லூஸிலியஸின் பாட்டு முதல் வகை. கழுதைக்காதை மறைத்த பாட்டு இரண்டாம் வகை. ரோமர் கவிதை எழுதிக் காட்டினார்கள். நம்மவர் அதற்குப் பெயரும் வகையும் சொல்லி வைத்தார்கள்.

இலக்கணம் இருந்தால் இலக்கியம் எங்கே என்று கேட்கலாம். கல்வராயன் மலைக்குக் கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர். அது மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர். மலைக்கு மேற்கே, இன்றைய தருமபுரியாகிய தகடூர். அது அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். இருவரும் கடையெழு வள்ளல்கள். இருவரும் ஒருவரோடொருவர் பொருதவர்கள். இந்த இரு சபைகளிலும் தமிழின் பழைய அங்கதம் பிறந்தது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரின் கதை பிரசித்தமானது. தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டிப் பெருமை கொள்கிறான். ஔவையார் கோபிக்கவில்லை. மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன உம்முடைய வேல்கள். எங்கள் மன்னனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று சொல்லி முடித்துவிடுகிறார். புகழ்வதைப் போலப் புகழ்ந்து, உமக்குப் போர் பழக்கமில்லை என்று சொன்னாயிற்று. அதுவும் யாரிடம்? எதிரில் ஆயுதங்களோடு அமர்ந்திருக்கும் அரசனிடம், அவனுடைய அரண்மனையிலேயே. சொன்னவர் பணமும் படையும் இல்லாத பாண் மரபில் வந்த ஒரு பெண். லூஸிலியஸுக்கு வாய்த்த பாதுகாப்பில் பத்தில் ஒரு பங்கு கூட ஔவையாருக்கு இல்லை!

கிழக்கே கோவலூர்ச் சபையில் கபிலர் பாடியது அதிலும் நுட்பமானது. காலையிலே கள்ளை அருந்தி, அந்த மயக்கத்தில் தேரைத் தூக்கிக் கொடுப்பது எவருக்கும் எளிது. மலையன் கள் அருந்தாமலே கொடுத்த தேர்களோ முள்ளூர் மலையுச்சியில் விழும் மழைத்துளியை விட அதிகம் என்பது அந்தப் புறப்பாட்டின் கருத்து. காரியைப் புகழ்ந்தது மேற்பூச்சு. உள்ளே மற்ற மன்னர்களின் முதுகில் பிரம்படி விழுகிறது. குடிபோதையில் பிறக்கும் கொடையைக் கொடை என்று ஒப்புக்கொள்ள மறுத்தார் கபிலர். அவர் உயிர் நீத்த இடம் என்று இன்றும் பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். அவர் பாரியின் மகளை மலையமானிடம் ஒப்புவித்துத் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானத்தில் உள்ள முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டும் கூறுகிறது. அவ்வளவு பெரிய மனிதர், கள்ளைப் பற்றிக் கேலி பேசியபோது அரசர்களின் கள்ளையே கேலி பேசினார். உழவன் மொந்தையைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிற்காலத்தில் 15-ஆம் நூற்றாண்டுக் காளமேகம் தெய்வத்தையும் விடவில்லை, சத்திரத்தையும் விடவில்லை. பொழுது சாய்ந்த பிறகு அரிசியே வந்து சேருகிற நாகப்பட்டினத்துச் சத்திரத்தின் மீது அவர் பாடிய பாட்டையும், சத்திரத்துக்காரன் காலில் விழுந்ததும் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகப் பொருள் சொல்லிக் காட்டிய சாமர்த்தியத்தையும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பழிகரப்பு அங்கதத்துக்கு அதை விடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

நம் காலத்துக்கு அருகே வந்தால் பாரதியார். 1906-இல் தொடங்கிய "இந்தியா" பத்திரிகையில் அவர் அரசியல் கேலிச் சித்திரங்களை வெளியிட்டார். திருநெல்வேலிக் கலெக்டர் வின்ச் துரையும் சிதம்பரம் பிள்ளையும் பேசிக்கொள்வதாகப் பாட்டுக் கட்டினார். கலெக்டர் அப்போது உயிரோடும் அதிகாரத்தோடும் இருந்தார்! 1908-இல் பத்திரிகை புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. செத்தவர்களையே பாடுவேன் என்று பாரதியார் சொல்லியிருந்தால் சென்னையிலேயே சௌகரியமாக இருந்திருக்கலாம்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் "நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்" இன்னொரு சாட்சி. குடும்பச் சொத்து பெற்ற பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் வழக்கத்தால், கணவன் கண்ணை மூடியதும் மனைவியும் மக்களும் தெருவில் நிற்கும் கொடுமையை அவர் பாடினார். பாட்டைச் சொல்கிறவள் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்ட ஐந்தாவது மனைவி. அவள் அழுதுகொண்டே சொல்கிறாள். நாம் சிரித்துக்கொண்டே படிக்கிறோம். படித்து முடித்ததும் சிரித்ததற்காகத் தலை குனிகிறோம். சிரிப்பு அந்த அபலையின் மேல் விழாமல், அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த காரணவர்களின் மேலும் வழக்கத்தின் மேலும் விழும்படி செய்ததுதான் கவிமணியின் திறமை. நாஞ்சில் நாட்டு வேளாளருக்கான சட்டத்தின் மூலம் 1926-இல் திருவிதாங்கூர் ராஜ்யம் அந்த வழக்கத்தை மாற்றியது. பலர் பல காலம் பாடுபட்டதன் பலன் அது. அந்தப் பாடுகளில் கவிமணியின் பாட்டும் ஒன்று.

* * *

இனி நம் ஊரை அளப்போம்.

தேசம் 1947-இல் சுதந்திரம் பெற்ற பிறகும் ஏறக்குறைய முப்பது வருஷ காலம் கல்வராயன் மலைக்கு ஜாகீர்தார்களே எஜமானர்களாக இருந்தார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். மலையாளி மக்கள் வரியை அவர்களுக்கே செலுத்தி வந்தார்கள். 1976-இல்தான் மலை சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. ஏடும் அச்சும் எட்டாத அப்படிப்பட்ட இடத்தில் எஜமானனைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஏழைக்கு எங்கே இடம்?

நடுநாட்டு மக்கள் அதற்கும் ஓர் இடம் கண்டுபிடித்து வைத்தார்கள். திரௌபதி அம்மன் கோயில் விழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்திலே கட்டியங்காரன் என்று ஒருவன் வருகிறான். துரியோதன மகாராஜா கிரீடமும் புஜகீர்த்தியும் மின்னத் தம் பராக்கிரமத்தை விருத்தத்தில் பாடுவார். கட்டியங்காரன் அதைத் தெருப்பேச்சில் பெயர்த்துச் சொல்லுவான். சொல்கிறபோதே ராஜாவின் ஜம்பம் காற்றுப் போன பலூனாகிவிடும். உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாக வேண்டும். படிப்பில்லாத ஜனங்கள் பாதுகாத்து வைத்த அங்கதம் அது. குவின்டிலியன் ஓர் இரவு நம் பக்கத்துக் கூத்தைப் பார்த்திருந்தால் தம் பாத்தியதையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் பெருமை. வெட்கப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. உள்ளே போனால் முதலில் கண்ணை அவித்து, பிறகு உயிரைக் குடிக்கும் விஷம். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போய்ப் பிழைத்தவர்கள். பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். அடுத்தடுத்த வீடுகளில் பிணம் கிடந்த அந்த நாட்களிலே நாட்டில் எழுந்த பரிகாசங்கள் நம் காதில் விழாமல் இல்லை. குடித்தவன் செத்தான், அவன் குடும்பத்துக்குப் 10 லட்சமா என்று ஒரு கேலி. குடிகாரன் ஊர் என்று ஜில்லாவுக்கே ஒரு பட்டம். கைக்குக் கை மாறி வந்த சித்திரங்களிலும் துணுக்குகளிலும் தள்ளாடி விழுகிற கூலிக்காரனே கதாநாயகன். கல்வராயன் மலை என்றாலே சாராய ஊறல் என்று முகத்தைச் சுளிப்பதும் வழக்கமாகிவிட்டது.

இந்தச் சிரிப்பை நாம் கையிலெடுத்த கோலால் அளந்து பார்க்க வேண்டும். காய்ச்சுகிறவன் இருந்தான், விஷத்தை வாங்கி விற்றவன் இருந்தான், போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் இருக்கிற ஜில்லாத் தலைநகரத்தின் நடுவிலே அது விலை போனதைக் காணாதவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கேலி செய்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்; அவர்கள் பதில் சொல்லக் கூடியவர்கள். செத்தவன் பதில் சொல்ல மாட்டான்; அவன் மனைவிக்குப் பதில் சொல்ல நேரமில்லை, கூலிக்குப் போக வேண்டும். ஆகவே சிரிப்பு சுலபமான வழியில் இறங்கி ஓடிவிட்டது. தரித்திரம் மனிதனைப் பிறர் சிரிப்புக்கு இடமாக்குகிறது என்று ஜுவெனால் கூறியது ரோமாபுரித் தெருவைப் பார்த்துத்தான். நம் கருணாபுரத் தெருவுக்கும் அது பொருந்துகிறதே!

குடியை நாம் ஆதரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மதுவிலக்குக்காக இந்தத் தேசத்துப் பெரியோர்கள் மறியல் செய்து சிறைக்குப் போன சரித்திரத்தை மறந்தவர்களும் நாம் அல்லோம். குடிப்பவனைத் திருத்துவது வேறு. அவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. திருத்த நினைப்பவன் அருகே போகிறான். சிரிக்கிறவன் தூரத்தில் நின்றுகொள்கிறான். கோவலூர்ச் சபையிலே கள்ளைப் பற்றிப் பேசிய கபிலர், கொடுக்கும் இடத்தில் இருந்தவர்களைத்தான் கேலி செய்தார். அதே மண்ணிலே, இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு, நாம் வாங்கும் இடத்தில் இருந்தவர்களைக் கேலி செய்தோம். இதைத் தமிழ் அங்கதத்தின் வளர்ச்சி என்று எந்த இலக்கணக்காரரும் சொல்ல மாட்டார்.

* * *

நேயரின் இரண்டாவது கேள்விக்கு இப்போது நம் விடை தெரிந்திருக்கும். ஹோரேஸையும் ஜுவெனாலையும் அவர் தாராளமாகப் படிக்கட்டும். டிரைடன் 1693-இல் ஜுவெனாலைப் பெயர்த்ததும், ஜான்ஸன் 1738-இல் அவருடைய மூன்றாம் பாட்டை லண்டன் நகரத்துக்கு ஏற்றவாறு மாற்றி எழுதியதும் பரீட்சைக்கு உதவும், அவற்றையும் படிக்கட்டும். கூடவே தொல்காப்பியச் செய்யுளியலின் அங்கதச் சூத்திரங்களையும் புறநானூற்றில் ஔவையாரும் கபிலரும் பாடியவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பாட்டைப் படிக்கும்போதும் சந்தத்தையும் அலங்காரத்தையும் குறித்துக்கொண்ட பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும்: சிரிக்கிறவன் யார்? சிரிப்புக்கு இலக்கானவன் யார்? அவன் திருப்பிப் பேசக் கூடியவனா?

இந்த மூன்று கேள்விகளும் கல்லூரி மாணவருக்கு மட்டும் உரியவை அல்ல. நம் வீடுகளில் சாப்பாட்டு வேளையில் சிரிப்புக்குக் குறைவில்லை. வேலைக்காரியின் பேச்சும், பட்டிக்காட்டு உறவினரின் நடையும், மலையிலிருந்து இறங்கி வந்து தேனும் கடுக்காயும் விற்கிறவரின் கணக்கும் நமக்குச் சிரிப்பாக இருக்கின்றன. குழந்தைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை ஒரு துணுக்கைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்குமுன், டோமிஷியன் சபையில் மீன் ஒரு பக்கம் கிடக்க மறு பக்கம் கை நீட்டிய பிரபுவைச் சற்று நினைத்துக்கொள்வோம். நம் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது?